பெயர்களில் உறைந்த வரலாறு: பட்டினிச் சூழலில் ஈஸ்ட் செல்லின் புரதத் தொகுப்புக் கட்டுப்பாடு கண்டறியப்பட்ட முறை (1965–2002)

ஆய்வுச் சுருக்கம்

அமினோ அமிலம் ஒன்று கிடைக்காத சூழலில் ஈஸ்ட் செல் தன் பொதுவான புரதத் தொகுப்பைத் தளர்த்திக்கொள்கிறது. அதே வேளையில் ஜிசிஎன்4 என்னும் ஒழுங்குபடுத்தும் புரதத்தின் தொகுப்பை உயர்த்துகிறது. இவ்வியங்குமுறை இன்றைய பாடநூல்களில் ஒரே சீரான விளக்கமாக இடம்பெறுகிறது. ஆனால், அது கண்டறியப்பட்ட வழி சீரானதன்று. அமினோ அமிலத் தொகுப்பைப் பற்றிய வினாவோடு தொடங்கிய மரபியலாளர்கள், தாம் தேடாத ஓரிடத்தில், அதாவது ரைபோசோம் தன் பணியைத் தொடங்கும் கட்டத்தில், விடையைக் கண்டனர். இவ்வழியின் தடயங்கள் ஈஸ்ட் மரபணுக்களின் பெயர்களில் இன்றும் எஞ்சியிருக்கின்றன. அப்பெயர்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு, 1965 முதல் 2002 வரையிலான கண்டுபிடிப்பின் படிநிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஈஸ்ட், புரதத் தொகுப்பு, மொழிபெயர்ப்புக் கட்டுப்பாடு, ஜிசிஎன்4, தொடக்கக் காரணி, அறிவியல் வரலாறு

முன்னுரை

மரபணுவில் உள்ள செய்தி இரண்டு படிகளில் புரதமாகிறது. முதற்படியில் டி.என்.ஏ.விலிருந்து தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது; இது படியெடுத்தல். இரண்டாம் படியில் ரைபோசோம் அத்தூது ஆர்.என்.ஏ.வைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது, இது மொழிபெயர்ப்பு. ஒரு புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைச் செல் இவ்விரு படிகளில் எதிலும் தீர்மானிக்கலாம். எனினும், பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் 1961-இல் முன்வைத்த ஓபெரான் கோட்பாட்டிற்குப் பின் ஆய்வாளர்களின் கவனம் முதற்படியிலேயே பெரிதும் குவிந்தது. கட்டுப்பாடு என்றாலே படியெடுத்தலின் கட்டுப்பாடு என்று கொள்ளும் போக்கு வலுப்பெற்றது.

இப்போக்கிற்கு மாறான தெளிவான சான்றுகளுள் ஒன்று சக்கரோமைசஸ் செரிவிசியே எனப்படும் ரொட்டி ஈஸ்ட்டிலிருந்து கிடைத்தது. அச்சான்று எவ்வாறு கிடைத்தது, அதைப் புரிந்துகொள்ள ஏன் இரு பதின்ம ஆண்டுகள் தேவைப்பட்டன, மரபணுக்களுக்கு இடப்பட்ட பெயர்கள் இவ்வரலாற்றைப் பற்றி என்ன கூறுகின்றன என்பன இக்கட்டுரையின் வினாக்கள். ஈஸ்ட் மரபியலில், ஒரு மரபணு பிறழ்ந்தபோது செல்லிடம் தென்பட்ட மாற்றத்தைக் கொண்டே பெரும்பாலும் அம்மரபணுவிற்குப் பெயரிடப்பட்டது. அதன் புரதம் என்ன செய்கிறது என்பது பின்னரே அறியப்பட்டது. எனவே பெயர் என்பது பெயரிட்டவர் எதைத் தேடினார், எதைக் கண்டார் என்பதன் பதிவு. கல்வெட்டில் காணும் ஊர்ப்பெயர் பிற்கால ஊரைக் காட்டிலும் பெயரிட்ட காலத்தையே மிகுதியாகக் காட்டுவது போன்றது இது.

1. வினா எழுந்த சூழல்

எஸ்சரிச்சியா கோலை போன்ற பாக்டீரியங்களில் அமினோ அமிலத் தொகுப்புப் பாதைகள் பெரும்பாலும் தனித்தனியே கட்டுப்படுத்தப்படுகின்றன. ஹிஸ்டிடின் குறைந்தால் ஹிஸ்டிடினை உருவாக்கும் நொதிகள் பெருகும். டிரிப்டோபேன் குறைந்தால் டிரிப்டோபேன் நொதிகள் பெருகும். பூஞ்சைகளில் நிலைமை வேறாக இருந்தது. நியூரோஸ்போரா கிராசா என்னும் பூஞ்சையில் ஹிஸ்டிடின் பாதை பழுதடைந்த வகைகளில் டிரிப்டோபேன் பாதையின் நொதிகள் உயர்ந்திருப்பதைக் கார்சியோட்டிஸ், லேசி ஆகியோர் 1965-இல் அறிவித்தனர். ஒரு பாதையின் குறை மற்றொரு பாதையில் எதிரொலித்தது.

ஈஸ்ட்டிலும் இதே நிகழ்வு 1970-களில் உறுதிப்பட்டது. சூரிச் நகரில் ரால்ஃப் ஹ்யூட்டரின் குழுவினர் டிரிப்டோபேன் பாதையை ஆராய்ந்து 1974-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிரசெல்சில் வியாமின் குழுவினர் அர்கினைன் பாதையை ஆராய்ந்தனர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஃபிங்க் தலைமையில் ஹிஸ்டிடின் பாதை ஆராயப்பட்டது. மூன்று குழுக்களும் வெவ்வேறு வாயில்கள் வழியே ஒரே அறைக்குள் நுழைந்தன. ஏதேனும் ஓர் அமினோ அமிலத்திற்குத் தட்டுப்பாடு நேர்ந்தால், ஹிஸ்டிடின், அர்கினைன், டிரிப்டோபேன், லைசின் எனப் பல பாதைகளின் நொதிகள் ஒருங்கே உயர்ந்தன. இதற்குப் 'பொதுக் கட்டுப்பாடு' என்று பெயரிடப்பட்டது. 30-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இக்கட்டுப்பாட்டின் கீழ் வருவது பின்னர்த் தெளிவாயிற்று.

இக்கட்டத்தில் எழுந்த வினா அமினோ அமிலத் தொகுப்பைப் பற்றியது மட்டுமே. ரைபோசோமோ மொழிபெயர்ப்போ வினாவில் இடம்பெறவில்லை. பின்வரும் நிகழ்வுகளை மதிப்பிடும்போது இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

2. நச்சுப்பொருள்களும் நான்கு பெயர் மரபுகளும்

பொதுக் கட்டுப்பாட்டை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிய எளிய உத்தியொன்று பயன்பட்டது. 3-அமினோடிரையசோல் என்னும் வேதிப்பொருள் ஹிஸ்டிடின் பாதையின் நொதியொன்றைத் தடுக்கிறது. இயல்பான செல் அந்நொதியை மிகுதியாக உருவாக்கித் தடையைச் சமாளிக்கும். நொதியை உயர்த்த இயலாத சடுதிமாற்ற வகை வளர்ச்சி குன்றும். இதற்கு மறுதலையாக, நொதிகளை எப்போதும் உயர்ந்த அளவில் வைத்திருக்கும் சடுதிமாற்ற வகை நச்சுப்பொருளைத் தாங்கி வளரும். ஆகவே நச்சை எதிர்கொள்ளும் திறனைக் கொண்டே இருவகைப் பிறழ்ச்சிகளையும் பிரித்தெடுக்க முடிந்தது.

ஒவ்வோர் ஆய்வகமும் தன் நோக்கிற்கேற்பப் பெயரிட்டது. ஃபிங்க்கின் ஆய்வகத்தில் மரியானா வுல்ஃப்னரும் உடனிருந்தோரும் ஹிஸ்டிடினைப் போன்ற டிரையசோல்அலனைனைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்து 'டிஆர்ஏ' என்றனர். ஹ்யூட்டரின் குழுவினர் ஒடுக்கம் நீங்காத வகைகளை 'என்டிஆர்' என்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹெலன் கிரீரின் குழுவினர், அமினோ அமிலப் போலிகளுக்கு எளிதில் ஆட்படும் தன்மையைச் சுட்டி 'ஏஏஎஸ்' என்றனர். அர்கினைன் பாதையை ஆராய்ந்தோரின் பட்டியலில் 'ஏஆர்ஜி9' என்றொரு மரபணு இடம்பெற்றது. பிற்காலத்தில் நிலைபெற்றவை இரண்டு பெயர்கள்: பட்டினியிலும் ஒடுக்கம் நீங்காதவை 'ஜிசிஎன்'; பட்டினி இல்லாதபோதும் ஒடுக்கம் நீங்கியே இருப்பவை 'ஜிசிடி'. இரண்டிலும் முதலிரு எழுத்துகள் பொதுக் கட்டுப்பாட்டைக் குறிப்பவை.

இன்றைய மரபணுத் தரவுத்தளத்தில் ஜிசிஎன்4 என்னும் பதிவின் கீழ் ஏஏஎஸ்3, ஏஆர்ஜி9 ஆகியவை மாற்றுப்பெயர்களாக நிற்கின்றன. ஜிசிஎன்2-இன் மாற்றுப்பெயர்களுள் ஏஏஎஸ்1, என்டிஆர்2 ஆகியவை உள்ளன. ஜிசிடி1-இன் மாற்றுப்பெயர் டிஆர்ஏ3. ஒரே மரபணு பல ஆய்வகங்களில் பல பெயர்களோடு தனித்தனியே கண்டறியப்பட்டதற்கு இவை சான்று. இப்பெயர்கள் எதிலும் மொழிபெயர்ப்பைக் குறிக்கும் சொல் இல்லை என்பதும் கருதத்தக்கது.

இக்குறை கருவியின்மையால் நேர்ந்தது எனக் கூற இயலாது. லேலண்ட் ஹார்ட்வெல்லும் மெக்லாஃப்லினும் 1969-இலேயே, புரதத் தொகுப்பைத் தொடங்குவதில் குறைபாடுடையதாகத் தோன்றிய ஈஸ்ட் சடுதிமாற்ற வகையொன்றை விவரித்திருந்தனர். அதன் மரபணு பிஆர்டி1 எனப் புரதத் தொகுப்பைச் சுட்டும் பெயரையே பெற்றது. மூன்றாம் தொடக்கக் காரணியின் துணையலகு ஒன்றை அது குறிக்கிறது என்று பின்னர்த் தெரியவந்தது. ஹார்ட்வெல் புரதத் தொகுப்பைத் தேடியதால் அப்பெயரை இட முடிந்தது. பொதுக் கட்டுப்பாட்டை ஆராய்ந்தோர் வேறொன்றைத் தேடினர்.

வுல்ஃப்னர் குழுவினர் 1975-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. டிஆர்ஏ3 பிறழ்ந்த செல்களில் அமினோ அமில நொதிகள் உயர்ந்திருந்தன. மேலும், உயர்வெப்பநிலையில் அச்செல்கள் வளர்ச்சியை நிறுத்திச் செல்சுழற்சியின் தொடக்கக் கட்டத்திலேயே நின்றன. இதைக் கொண்டு அமினோ அமிலத் தொகுப்பு செல்சுழற்சியோடு பிணைந்துள்ளது என ஆய்வாளர்கள் கருதினர். அன்றைய சான்றுகளின்படி அது பொருத்தமான விளக்கமே. ஆயினும், ஓர் ஒழுங்குபடுத்தும் மரபணு பிறழ்ந்தால் செல்லே வளர இயலாமற்போவது ஏன் என்னும் வினா அங்கேயே விதையாகக் கிடந்தது. அதற்கு விடை 1993-இல்தான் கிடைத்தது.

3. படிநிலை

1978-இல் ஹின்னன், ஹிக்ஸ், ஃபிங்க் ஆகியோர் ஈஸ்ட் செல்லுக்குள் அயல் டி.என்.ஏ.வைச் செலுத்தும் முறையை வெளியிட்டனர். இதன்பின், பிறழ்ந்த செல்லின் குறையைத் தீர்க்கும் டி.என்.ஏ. துண்டைத் தேடி மரபணுவையே பிரித்தெடுப்பது இயல்வதாயிற்று. ஃபிங்க்கிடம் பணிபுரிந்த ஆலன் ஹின்னபுஷ் இம்முறையைப் பொதுக் கட்டுப்பாட்டு மரபணுக்களுக்குப் பயன்படுத்தினார்.

ஹின்னபுஷ், ஃபிங்க் இருவரும் 1983-இல் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை, இரண்டு பிறழ்ச்சிகளை ஒரே செல்லில் இணைத்துப் பார்ப்பது. ஜிசிஎன்2-உம் ஜிசிடி1-உம் ஒருங்கே பிறழ்ந்த செல், ஜிசிடி1 மட்டும் பிறழ்ந்த செல்லைப் போல நொதிகளை உயர்த்தியே வைத்திருந்தது. ஜிசிஎன்4-உம் ஜிசிடி1-உம் ஒருங்கே பிறழ்ந்த செல்லோ நொதிகளை உயர்த்த இயலாமல் நின்றது. இதிலிருந்து ஒரு படிநிலை பெறப்பட்டது: ஜிசிஎன்2 முதலியவை ஜிசிடி மரபணுக்களை எதிர்க்கின்றன, ஜிசிடி மரபணுக்கள் ஜிசிஎன்4-ஐ ஒடுக்குகின்றன, ஜிசிஎன்4 நொதி மரபணுக்களைத் தூண்டுகிறது.

படிநிலையின் இறுதிக் கண்ணி விரைவில் விளக்கம் பெற்றது. ஜிசிஎன்4 புரதம் நொதி மரபணுக்களுக்கு முன்னுள்ள குறிப்பிட்ட டி.என்.ஏ. வரிசையைப் பற்றிக்கொண்டு படியெடுத்தலைத் தூண்டுகிறது என்பதை ஹோப், கெவின் ஸ்ட்ருல் இருவரும் 1985-இல் காட்டினர். இப்பகுதி ஓபெரான் காலத்தின் எதிர்பார்ப்போடு ஒத்துப்போயிற்று. ஆனால் ஜிசிஎன்4-ஐயே கட்டுப்படுத்துவது எது என்னும் வினா எதிர்பாராத இடத்திற்கு இட்டுச் சென்றது.

4. 1984: அளவுகள் பொருந்தாத இடம்

இவ்வரலாற்றின் திருப்புமுனை ஓர் எளிய ஒப்பீடு. ஜிசிஎன்4 மரபணுவின் முற்பகுதியோடு பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதியின் மரபணுவை இணைத்து, அந்நொதியின் செயலளவைக் கொண்டு ஜிசிஎன்4 புரதம் எவ்வளவு உருவாகிறது என அளக்கப்பட்டது. பட்டினியில் நொதியின் அளவு பன்மடங்கு உயர்ந்தது. தூது ஆர்.என்.ஏ.வின் அளவோ அதற்கு ஈடாக உயரவில்லை. செய்தியின் படிகள் பெருகாமலே புரதம் பெருகியது என்றால் கட்டுப்பாடு இரண்டாம் படியில்தான் இருத்தல் வேண்டும்.

இம்முடிவை இரண்டு கட்டுரைகள் தனித்தனியே அறிவித்தன. ஒன்று ஹின்னபுஷ் எழுதியது; மற்றொன்று ஹார்வர்டில் ஜார்ஜ் திரேயோஸ், பென், கிரீர் ஆகியோர் எழுதியது. இரண்டும் 1984-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. ஜிசிஎன்4 தூது ஆர்.என்.ஏ.வில் புரதச் செய்தி தொடங்குமுன் ஏறத்தாழ 600 நியூக்ளியோடைடுகள் கொண்ட நீண்ட முன்பகுதி உள்ளது என்பதையும், அம்முன்பகுதியை நீக்கினால் கட்டுப்பாடு அற்றுப்போகிறது என்பதையும் இவ்வாய்வுகள் புலப்படுத்தின.

அம்முன்பகுதியில் தொடக்கக் கோடானில் தொடங்கி உடனே முடிவுக் கோடானில் முடியும் நான்கு சிறு பகுதிகள் இருந்தன. இரண்டு அல்லது மூன்று கோடான்களே கொண்ட இவற்றைக் குறுஞ்சட்டகங்கள் எனலாம். இவை அன்றைய கோட்பாட்டிற்குப் புதிராக அமைந்தன. மேரிலின் கோசாக் 1978-இல் முன்வைத்த கருத்தின்படி, ரைபோசோமின் சிறு துணையலகு தூது ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏறி, வழிநெடுகத் தேடிச் சென்று, முதலில் எதிர்ப்படும் தொடக்கக் கோடானில் பணியைத் தொடங்கும். அவ்வாறாயின் நான்கு குறுஞ்சட்டகங்களைக் கடந்து ஐந்தாவதாக நிற்கும் ஜிசிஎன்4 செய்தியை அது சென்றடைவது எங்ஙனம்?

மியூல்லர், ஹின்னபுஷ் இருவரும் 1986-இல் குறுஞ்சட்டகங்களை ஒவ்வொன்றாகவும் கூட்டாகவும் அழித்துப் பார்த்தனர். நான்கையும் அழித்தால் ஜிசிஎன்4 எப்போதும் உயர்ந்திருந்தது. நான்காவது மட்டும் எஞ்சினால் எப்போதும் தாழ்ந்திருந்தது. முதலாவதும் நான்காவதும் இருந்தால் ஏறத்தாழ இயல்பான கட்டுப்பாடு மீண்டது. ஆகவே நான்காவது தடையாகவும், முதலாவது அத்தடையைப் பட்டினியில் கடக்க உதவுவதாகவும் அமைந்திருந்தன. ஒரே வடிவுடைய இரண்டு உறுப்புகள் எதிரெதிர்ப் பணி செய்தன. இவ்வேறுபாடு அவற்றின் முடிவுக் கோடானைச் சூழ்ந்துள்ள வரிசையால் அமைகிறது என 1989-இல் மில்லரும் ஹின்னபுஷும் காட்டினர்.

5. மற்றோர் ஆய்வு மரபு: முயலின் குருதியணுச் சாறு

மரபியலாளர்கள் இப்புதிரோடு நின்ற அதே காலத்தில், விடையின் மறுபாதி வேறொரு துறையின் கையில் இருந்தது. முயலின் முதிராச் சிவப்பணுக்களை உடைத்துப் பெறும் சாறு சோதனைக்குழாயிலும் ஹீமோகுளோபின் புரதத்தைத் தொகுக்கும் ஆற்றலுடையது. ஹீம் சேர்க்கப்படாவிடில் அத்தொகுப்பு சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. இதன் காரணத்தை டிம் ஹன்ட், இர்விங் லண்டன் முதலியோரின் குழுக்கள் 1970-களில் ஆராய்ந்தன. ஹீம் இல்லாதபோது ஒரு கைனேஸ் நொதி விழித்தெழுந்து, இரண்டாம் தொடக்கக் காரணியின் ஆல்பா துணையலகில் பாஸ்பேட்டை ஏற்றுவதே காரணம் என்பது அப்பதின்ம ஆண்டின் இறுதிக்குள் நிலைநாட்டப்பட்டது.

இரண்டாம் தொடக்கக் காரணி, முதல் அமினோ அமிலத்தைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ.வை ரைபோசோமிடம் சேர்ப்பது. இப்பணிக்கு அது குவனோசின் டிரைபாஸ்பேட்டோடு பிணைந்திருக்க வேண்டும். பணி முடிந்ததும் அது குவனோசின் டைபாஸ்பேட்டோடு வெளியேறுகிறது. பழையதை நீக்கிப் புதியதை ஏற்ற உதவுவது 2பி எனப்படும் மாற்றுக் காரணி. ஆல்பா துணையலகில் பாஸ்பேட் ஏறிவிட்டால் இரண்டாம் காரணி, மாற்றுக் காரணியின் செயலைத் தடுத்து நிறுத்துகிறது. மாற்றுக் காரணி செல்லில் குறைவாகவே இருப்பதால், பாஸ்பேட் ஏறியவை சிறு பங்காயினும் தொகுப்பு முழுவதும் தளர்கிறது.

உயிர்வேதியியலாளர்கள் கண்டது புரதத் தொகுப்பு நிற்பதை. மரபியலாளர்கள் கண்டது ஒரு புரதத்தின் தொகுப்பு பெருகுவதை. ஒன்று தடை, மற்றொன்று தூண்டல். இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் எனக் கொள்வதற்கு அன்று எவருக்கும் காரணமில்லை.

6. இணைவு: 1988–1993

இணைவின் முதற்குறிகள் ஜிசிஎன்2-இலிருந்து வந்தன. அதன் புரதம் கைனேஸ் வகையைச் சேர்ந்தது என்பதை 1988-இல் ருஸ்ஸு, திரேயோஸ், ஹாகே ஆகியோர் அறிவித்தனர். அடுத்த ஆண்டில் ரொனால்ட் வெக், ஜாக்சன், ஹின்னபுஷ் ஆகியோர் அப்புரதத்தில் கைனேஸ் பகுதியை அடுத்து, ஹிஸ்டிடினைக் கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்றும் நொதியை ஒத்த பகுதி ஒன்று இருப்பதைக் காட்டினர். அமினோ அமிலம் குறைந்தால் சுமையற்ற கடத்து ஆர்.என்.ஏ.க்கள் பெருகும். அவற்றை உணரும் உறுப்பும் செய்தியைச் செலுத்தும் உறுப்பும் ஒரே புரதத்தில் அருகருகே அமைந்திருந்தன.

1989-ஆம் ஆண்டு மேலும் இரண்டு சான்றுகளை அளித்தது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் தாமஸ் டோனஹியூவின் குழுவினர், தொடக்கக் கோடான் அழிக்கப்பட்ட ஹிஸ்டிடின் மரபணுவை மீண்டும் இயங்கச் செய்யும் பிறழ்ச்சிகளைத் தேடிவந்தனர். அவ்வழியில் கிடைத்த எஸ்யூஐ2, எஸ்யூஐ3 ஆகியவை இரண்டாம் தொடக்கக் காரணியின் ஆல்பா, பீட்டா துணையலகுகளாக இருந்தன. அவற்றின் பிறழ்ச்சிகள் ஜிசிஎன்4-இன் கட்டுப்பாட்டையும் குலைத்தன என வில்லியம்ஸ், ஹின்னபுஷ், டோனஹியூ ஆகியோர் காட்டினர். அதே ஆண்டில் சமாரியாஸ், ருஸ்ஸு, திரேயோஸ் ஆகியோர், ஜிசிஎன்4 தூண்டப்படும் நிலையில் செல்லின் பொதுவான தொகுப்புத் தொடக்க வீதம் குறைகிறது என்று அறிவித்தனர். தடையும் தூண்டலும் முதன்முறையாக ஒரே செல்லில் ஒருங்கே அளக்கப்பட்டன.

முரண் எவ்வாறு தீர்கிறது என்பதை 1991-இல் அபஸ்தாதோ, மில்லர், ஜாக்சன், ஹின்னபுஷ் ஆகியோரின் ஆய்வு தெளிவாக்கியது. முதற்குறுஞ்சட்டகத்தைப் படித்து முடித்த பின் ரைபோசோம்களின் சிறு துணையலகுகளில் ஒரு பகுதி தூது ஆர்.என்.ஏ.விலேயே தங்கித் தேடலைத் தொடர்கிறது. மீண்டும் பணியைத் தொடங்க அதற்கு இரண்டாம் காரணி கொணரும் கடத்து ஆர்.என்.ஏ. தேவை. உணவு நிறைந்த நிலையில் அது விரைவில் கிடைக்கிறது. துணையலகு நான்காம் குறுஞ்சட்டகத்தில் பணியைத் தொடங்கி, அங்கேயே விலகிவிடுகிறது. பட்டினியில் அது கிடைக்கத் தாமதமாகிறது. அத்தாமதத்தால் துணையலகு தடையைக் கடந்து சென்று ஜிசிஎன்4 செய்தியின் தலைவாயிலில் பணியைத் தொடங்குகிறது. முதலாம், நான்காம் குறுஞ்சட்டகங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நீட்டியபோது ஜிசிஎன்4 தாழ்ந்தது, இவ்விளக்கத்திற்கு வலுவான சான்றாயிற்று. தூரம் கூடினால் கடத்து ஆர்.என்.ஏ.வைப் பெறும் வாய்ப்பும் கூடும் அல்லவா?

1992-இல் தாமஸ் டெவரும் ஹின்னபுஷ், டோனஹியூ குழுவினரும் இணைந்து இறுதி இணைப்பை நிறுவினர். ஜிசிஎன்2 நேரடியாக இரண்டாம் காரணியின் ஆல்பா துணையலகில் 51-ஆம் இடத்துச் செரினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அச்செரினை அலனைனாக மாற்றிய செல்லில் ஜிசிஎன்4 தூண்டப்படவில்லை. முயலின் சாற்றில் தொகுப்பை நிறுத்திய அதே மாற்றமே ஈஸ்ட்டில் ஜிசிஎன்4-ஐ உயர்த்துவதாக இருந்தது. பாலூட்டிகளின் கைனேஸ்களை ஈஸ்ட்டில் இயங்கச் செய்தால் அவை ஜிசிஎன்2-இன் பணியை நிறைவேற்றுகின்றன என்பதையும் டெவர் முதலியோர் 1993-இல் காட்டினர்.

7. பெயர்களின் மறுவாசிப்பு

1993-இல் ஜிசிடி மரபணுக்களின் உண்மை இயல்பு வெளிப்பட்டது. சிகன், புஷ்மன், போல், ஹின்னபுஷ் ஆகியோர் ஈஸ்ட்டிலிருந்து தூய்மைப்படுத்திய கூட்டுப்புரதம் ஜிசிடி1, ஜிசிடி2, ஜிசிடி6, ஜிசிடி7, ஜிசிஎன்3 ஆகிய ஐந்தும் சேர்ந்தது. அதுவே 2பி எனப்படும் மாற்றுக் காரணி. ஜிசிடி11 இரண்டாம் காரணியின் காமா துணையலகு என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. ஜிசிடி10, ஜிசிடி14 ஆகியவை தொடக்கக் கடத்து ஆர்.என்.ஏ.வை முதிரச் செய்யும் மீத்தைலேற்ற நொதியின் பகுதிகள் எனச் சில ஆண்டுகளுக்குப் பின் அறியப்பட்டது.

1975-இன் வினாவிற்கு இங்கே விடை கிடைத்தது. டிஆர்ஏ3, அதாவது ஜிசிடி1, பிறழ்ந்தபோது செல் வளர இயலாமற்போனது, அது எல்லாப் புரதங்களின் தொகுப்பிற்கும் இன்றியமையாத காரணியின் உறுப்பாக இருந்ததால். அக்காரணி சற்றே குறைந்தால், பட்டினி இல்லாதபோதும் பட்டினியின் அடையாளம் தோன்றும், ஜிசிஎன்4 உயரும். முற்றிலும் குறைந்தால் செல் நிற்கும். 'ஒடுக்கம் நீங்கியே இருப்பவை' என்ற பெயர் சுட்டியது, ஓர் அடிப்படைக் குறைபாட்டின் மிக நுண்ணிய வெளிப்பாட்டை மட்டுமே.

பெயர்கள் மறைத்தவற்றுள் ஜிசிஎன்5-உம் ஒன்று. ஜிசிஎன் குடும்பப் பெயரைத் தாங்கினும் அது மொழிபெயர்ப்போடு தொடர்புடையதன்று. ஜிசிஎன்4 புரதம் படியெடுத்தலைத் தூண்டுவதற்குத் துணைநிற்பது. டேவிட் ஆலிஸின் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வின்வழி அது ஹிஸ்டோன் புரதங்களில் அசெட்டைல் தொகுதியை ஏற்றும் நொதி என்பது வெளிப்பட்டது. ஒரே அறிகுறியைக் காட்டிய மரபணுக்கள் ஒரே பெயரின் கீழ்த் தொகுக்கப்பட்டன. அவை செய்யும் பணிகளோ கருவிலிருந்து ரைபோசோம் வரை பரந்திருந்தன.

வரிசைப்படுத்தும் தொழில்நுட்பம் வளர்ந்ததால் இவ்விணைவு தானாகவே நிகழ்ந்திருக்கும் எனச் சிலர் கருதக்கூடும். ஜிசிஎன்2-ஐப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. அதன் வரிசையே அது கைனேஸ் என்பதைக் காட்டியது. ஜிசிடி மரபணுக்களுக்கு இது பொருந்தாது. அவற்றை இனங்காண முயலின் மாற்றுக் காரணி பற்றிய அறிவும், புரதக் கூட்டினைத் தூய்மைப்படுத்தி அதன் செயலை அளப்பதும் தேவைப்பட்டன. மறுபுறம், உயிர்வேதியியல் மட்டும் இருந்திருப்பின், பொதுத் தடையே ஒரு குறிப்பிட்ட மரபணுவிற்குத் தூண்டுகோலாகலாம் என்னும் எண்ணம் எழ வாய்ப்பு மிகக் குறைவு. சோதனைக்குழாய்ச் சாற்றில் தேடுவதற்கு ஒரு ஜிசிஎன்4 இல்லை.

8. விரிவும் எல்லையும்

2000-இல் டேவிட் ரானின் குழுவினர், பாலூட்டிச் செல்களில் ஏடிஎஃப்4 என்னும் புரதம் இதே முறையில் கட்டுப்படுத்தப்படுவதை அறிவித்தனர். அதன் தூது ஆர்.என்.ஏ.விலும் குறுஞ்சட்டகங்கள் இருந்தன. அங்கும் ஆல்பா துணையலகில் பாஸ்பேட் ஏறுவதே தூண்டுகோல். 2001, 2002 ஆண்டுகளில், குழந்தைகளின் மூளை வெண்பொருள் அழியும் மரபுநோய் ஒன்றுக்கு மாற்றுக் காரணியின் ஐந்து துணையலகு மரபணுக்களில் நேரும் பிறழ்ச்சிகளே காரணம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். காய்ச்சலோ சிறு தலைக்காயமோ ஏற்பட்டபின் இந்நோய் விரைந்து முற்றுவது உண்டு. ஈஸ்ட்டின் ஜிசிடி1, ஜிசிடி2, ஜிசிடி6, ஜிசிடி7, ஜிசிஎன்3 ஆகியவற்றின் மனித இணைகளே இவை.

மனித மரபணுக்களின் பெயர்கள் பணியைக் கூறுகின்றன. ஜிசிஎன்2-இன் மனித இணை, 'இரண்டாம் காரணியின் ஆல்பா கைனேஸ் 4' எனப் பொருள்படும் அலுவல்முறைப் பெயரைப் பெற்றுள்ளது. ஈஸ்ட்டின் பெயர் தேடலை நினைவூட்டுகிறது. மனிதப் பெயர் விடையை அறிவிக்கிறது. பின்னதை மட்டும் கற்கும் மாணவர்க்கு விடை தொடக்கத்திலிருந்தே தெளிவாக இருந்தது போன்ற தோற்றம் ஏற்படக்கூடும்.

இவ்வரலாற்றைக் கொண்டு ஈஸ்ட்டின் எல்லா நெருக்கடிகளையும் விளக்க இயலாது. குளுக்கோஸை நீக்கினால் சில நிமிடங்களுக்குள் ஈஸ்ட்டின் மொழிபெயர்ப்புத் தொடக்கம் பெரிதும் தடைப்படுகிறது. அதற்கு ஜிசிஎன்2 வழி தேவையில்லை என ஆஷ், டி லாங், சாக்ஸ் ஆகியோர் 2000-இல் காட்டினர். நெருக்கடி ஒவ்வொன்றும் தனக்குரிய வழியையும் கொண்டிருக்கலாம். ஜிசிஎன்4-இன் கதை முழுமையாக அறியப்பட்டதால் அதையே முழுக்கதையாகக் கொள்வது, படியெடுத்தலையே முழுக்கட்டுப்பாடாகக் கொண்ட 1960-களின் போக்கை வேறு வடிவில் மீட்பதாகும்.

முடிவுரை

ஈஸ்ட்டின் பட்டினிக்கால மொழிபெயர்ப்புக் கட்டுப்பாடு, அதைத் தேடியவர்களால் கண்டறியப்பட்டதன்று. அமினோ அமிலப் பாதைகளை ஆராய்ந்த மரபியல், குருதியணுச் சாற்றை ஆராய்ந்த உயிர்வேதியியல் ஆகிய இரண்டும் தனித்தனியே பாதி விடைகளைக் கொண்டிருந்தன. அவை 1989 முதல் 1993 வரை படிப்படியாக இணைந்தன. அவ்விணைவை இயலச் செய்தது, தூது ஆர்.என்.ஏ.வின் அளவும் புரதத்தின் அளவும் பொருந்தாத இடத்தைப் பிழையெனத் தள்ளாமல் 1984-இல் இரு குழுக்கள் முடிவெனக் கொண்டது.

மரபணுப் பெயர்கள் இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் அடங்கும். தமிழில் உயிரறிவியலைக் கற்பிப்போர் ஜிசிஎன், ஜிசிடி போன்றவற்றை எழுத்துப்பெயர்ப்போடு நிறுத்திவிடாமல், அவை எந்த வினாவிற்கு இடப்பட்ட பெயர்கள் என்பதையும் ஓரிரு வரிகளில் சேர்த்துரைப்பது நலம். மாற்றுப்பெயர்ப் பட்டியல்களை ஆய்வகவாரியாகத் தொகுத்து, ஈஸ்ட் மரபியலின் பிற துறைகளையும் இம்முறையில் ஆராய்வதற்கு இடமுண்டு. செல்சுழற்சி மரபணுக்கள் அதற்கு ஏற்ற அடுத்த களம்.